கோடைக் குறிப்புகளில் டயாலிசிஸ்காரர்களுக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சித்திரை பிறந்துவிட்டால் உங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் வருஷா வருஷம் ஒரே கட்டுரை வேறு வேறு படத்தோடு வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள், தாகம் எடுக்காவிட்டாலும் குடியுங்கள், இளநீர், மோர், நுங்கு, தர்பூசணி சேர்த்துக்கொள்ளுங்கள், வெளியே போகும்போது ஓ.ஆர்.எஸ். கரைசல் கையில் இருக்கட்டும். போன ஞாயிற்றுக்கிழமையும் வந்திருந்தது. யோசனையில் குற்றம் சொல்ல மாட்டேன். வெயிலில் நின்று வேலை பார்க்கிற ஜனங்களுக்கு அது உயிரைக் காப்பாற்றும். ஆனால் அதே பக்கத்தை என் வீட்டுக்காரரும் படிக்கிறார். அவர் டயாலிசிஸில் இருப்பவர், அதாவது கெட்டுப்போன சிறுநீரகத்துக்குப் பதிலாக மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்பவர். அந்தக் கட்டுரையில் சொல்லியிருந்ததில் ஒன்றுகூட அவருக்கு ஆகாது. ‘சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இது பொருந்தாது’ என்று ஒரே ஒரு வரி, அதைத்தான் கட்டுரை முழுக்கத் தேடினேன். இல்லை.

அவர்களுக்குத்தான் டாக்டர் சொல்லியிருப்பாரே, பேப்பரில் வேறு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நோயாளிக்குச் சொல்லியிருப்பார், சரிதான். நோயாளியைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவர்கள் படிப்பது உங்கள் பேப்பரைத்தான்.

நான் அருப்புக்கோட்டையில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சின்ன வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்புக்கு மேலே 150 கிராம் என்று அளந்து அளந்து பழகிய கை. அவர் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். கோவில்பட்டி, சாத்தூர், மதுரை என்று ஓட்டி, நிறுத்துகிற இடத்தில் எல்லாம் ஒரு டீ, ஒரு சொம்புத் தண்ணீர் என்று இருந்த மனுஷன். சர்க்கரை நோய் சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. இப்போது திங்கள், புதன், வெள்ளி மிஷினில் படுக்கிறார். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் கூடிப் போனால் சிறுநீராக இறங்கிவிடும். அது வாரம் முழுக்க, 168 மணி நேரமும் ஓயாமல் பார்க்கிற வேலை. மிஷின் அந்த வேலையை வாரத்தில் 12 மணி நேரம் பார்க்கிறது. எங்கள் பக்கம் வாரம் இரண்டு முறை மட்டும் செய்துகொள்கிறவர்களும் உண்டு, அவர்களுக்கு எட்டு மணி நேரம்தான். மிச்ச நேரத்தில் குடித்ததில், வியர்வையிலும் மூச்சிலும் போவதுபோக, எல்லாம் உடம்புக்குள்ளேயே நிற்கும். ஒரு லிட்டர் குடித்தால் ஒரு கிலோ. தராசில் அப்படியே தெரியும். முதலில் கணுக்கால் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். பிறகு கண் கீழே தடிக்கும். அதற்கும் மேலே போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ராத்திரி மல்லாந்து படுக்க முடியாமல், மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நிலையில் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் அவசரமாக மிஷினில் ஏற்ற வேண்டும். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், மாசக்கணக்கில் இப்படி நீர் ஏறி ஏறி இறங்கினால் இதயம் பெருத்துப் பலம் இழந்துவிடும்.

அதிகமாகக் குடித்தால் என்ன, மிஷின் அதிகமாக எடுத்துவிட்டுப் போகிறது என்று சிலர் கேட்கிறார்கள். மிஷின் எடுக்கும், ரத்தக்குழாய் தாங்க வேண்டுமே. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் வேகமாக நீரை இழுத்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்று ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரரின் ட்ரை வெயிட், அதாவது கூடுதல் நீர் இல்லாத எடை, 60 கிலோ. அவருக்கு மணிக்கு 780 மில்லி, நான்கு மணி நேரத்துக்கு மூன்று லிட்டரை ஒட்டி வருகிறது. அதுவே எல்லை. டாக்டர் ட்ரை வெயிட்டுக்கு மேல் இரண்டரை கிலோவுக்குள் வரச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு போனால் மூன்றாவது மணி நேரத்தில் பிரஷர் படுத்துவிடும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். பக்கத்துக் கட்டிலில் திடமான ஆம்பளைகள் அந்தப் பிடிப்பில் ‘அம்மா’ என்று கத்துவதைக் கேட்டிருக்கிறேன்.

ஆக, ஒரு நாளைக்கு எவ்வளவு? பொதுவாகச் சொல்லும் கணக்கு, முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லி. இவருக்கு இன்னும் 200 மில்லி போகிறது. ஆக 700. சுத்தமாகச் சிறுநீர் போகாதவர்களுக்கு அரை லிட்டரை ஒட்டித்தான். கத்திரி வெயிலில் அரை லிட்டர்! நினைத்துப் பாருங்கள். அந்த 700-க்குள்ளேதான் காலைக் காப்பி, மாத்திரை விழுங்கும் தண்ணீர், ரசம், மோர், கஞ்சி, பாயசம், ஐஸ்கிரீம் எல்லாம் அடக்கம். சோற்றிலும் இட்லியிலும் இருக்கிற ஈரத்தை டாக்டர் அந்தக் கணக்கிலேயே விட்டுவைத்திருக்கிறார், அதைத் தனியாக எண்ண வேண்டாம். ஆனால் தர்பூசணியைப் பழம் என்று நினைத்துத் தின்னக் கூடாது. நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் அது தண்ணீர்.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். போன ஞாயிறு அது வந்த அன்றைக்கே எங்கள் மதினி, இவருடைய அக்கா, பந்தல்குடியிலிருந்து வந்தார்கள். கையில் ஒரு குலை இளநீர். பேப்பரும் கூடவே இருந்தது. “தம்பி வாடிப் போயிருக்கான், நீ தண்ணியே குடுக்க மாட்டேங்கியாமே” என்று ஆரம்பித்தார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. தம்பியின் உதடு வெடித்திருந்தால் எந்த அக்காவுக்கும் மனசு கேட்காது. நான் பதில் சொல்வதற்குள் அரிவாளை வாங்கிச் சீவியும் விட்டார்கள். இளநீரில் தண்ணீரை விடப் பெரிய சிக்கல் பொட்டாசியம். ஒரு காயில் சாதாரணமாக 500, 600 மில்லிகிராம் இருக்கும். நமக்கு அது சிறுநீரில் போய்விடும், இவர்களுக்குப் போகாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறி, முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோகலாம். இதைச் சொன்னதும் மதினி சீவின இளநீரைத் தானே குடித்தார்கள், மிச்சத்தைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். போகும்போது ஒன்று கேட்டார்கள்: “இதை ஏன் பேப்பர்காரன் போடல?” அந்தக் கேள்வியைத்தான் உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

ஓ.ஆர்.எஸ். விஷயமும் அப்படித்தான். வெயில் காலத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பந்தல் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அன்பாக டம்ளரை நீட்டுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். வயிற்றுப்போக்கில் இழந்ததை ஈடு செய்யத் தயாரித்தது. ஒன்றையும் இழக்காத டயாலிசிஸ்காரருக்கு இதில் நல்லது எதுவும் இல்லை. அவருக்கே வாந்தி, வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் கணக்கு மாறும், அப்போதும் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எல்லாரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறார்கள், உப்பைப் பற்றிக் கேட்பார் இல்லை. உப்பைக் குறைக்காமல் ஒருவரைத் தண்ணீர் குடிக்காதே என்று சொல்வது கொடுமை. முடியவும் முடியாது. ரத்தத்தில் உப்பு ஏறினால் மூளை தாகத்தைத் தூண்டும். மன உறுதி எல்லாம் அதற்கு முன்னால் நிற்காது. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் பாட்டிலைப் பாருங்கள், ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. உடம்பின் கணக்கும் அதேதான். 9 கிராம் உப்பு உள்ளே போனால், அதற்கு ஈடாக ஒரு லிட்டர் தண்ணீரை உடம்பு கேட்டு வாங்கிக்கொள்ளும். உலக சுகாதார அமைப்பு நம் எல்லாருக்குமே சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். அது சமையல் உப்பு மட்டும் இல்லை; ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வடகம், கருவாடு, கடைக் காரச்சேவு, பிஸ்கட் எல்லாம் சேர்த்து. எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்த அன்றைக்கு அந்த டீஸ்பூன் மத்தியானமே தீர்ந்துவிடும்.

நம் சமையலில் ஒரு வசதி உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. சோற்றில் நாம் உப்புப் போடுவதில்லை. குழம்பிலும் கூட்டிலும்தான் போடுகிறோம். நான் செய்வது இதுதான். இவருக்கு எடுத்துவைக்க வேண்டியதை உப்புப் போடுவதற்கு முன்பே தனிக் கிண்ணத்தில் எடுத்துவிடுவேன். காலையில் ஒரு சின்ன டப்பாவில் மூன்று கிராம் உப்பு அளந்து வைத்துவிடுவேன். தபால் தராசு மாதிரி சின்னதாக ஒரு டிஜிட்டல் தராசு கடையில் கிடைக்கிறது. அன்றைக்கு அவருக்கு அந்த டப்பாதான். எந்தப் பதார்த்தத்தில் எவ்வளவு போட்டுக்கொள்வது என்பது அவர் இஷ்டம். பெரும்பாலும் காய்க்கு ஒரு துளியும் போடாமல், எல்லாவற்றையும் குழம்பில் கொட்டிக்கொள்கிறார். சரி, போகட்டும். மிளகு, சீரகம், பூண்டு, வறுத்த கொத்தமல்லி, கொஞ்சம் எலுமிச்சை, இவற்றைத் தூக்கலாகப் போட்டால் நாக்கு ஏமாந்துகொள்கிறது. முதல் மூன்று வாரம் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி நகர்த்தி வைப்பார். பிறகு பழகிவிட்டது. இப்போது கல்யாண வீட்டுச் சாம்பார் அவருக்கே கரிக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ‘குறைந்த சோடியம்’ என்று போட்டு விற்கிற உப்பை நல்லதென்று வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். உலக சுகாதார அமைப்பு 2025-இல் அந்த மாதிரி உப்பைப் பரிந்துரைத்தபோதே, சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு அந்தப் பரிந்துரை இல்லை என்று சொல்லிவிட்டது. கடை அட்டையில் அது எவ்வளவு சின்ன எழுத்தில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

உப்புக்கு அடுத்தது சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை 250, 300 என்று நின்றால் தாகம் நிற்காது. இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிற வாரம் எடை ஏறுவதும் குறைகிறது. நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன், ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைச் சொல்லிவிடலாம்.

தண்ணீரை எப்படி அளக்கிறோம் என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். காலையில் ஒரு பாட்டிலில் 700 மில்லி அளந்து ஊற்றி, அவர் கட்டில் பக்கத்தில் வைத்துவிடுவேன். வேறு எதைக் குடித்தாலும் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிட வேண்டும். காப்பி 100 மில்லி குடித்தாரா, பாட்டிலிலிருந்து 100 மில்லி கொல்லையில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு. ரசம் ஒரு கரண்டி, அதற்கும் செடிக்கு. செடி நன்றாகத் தழைத்திருக்கிறது, அவருக்கு அதைப் பார்த்தாலே கோபம். ஆனால் பாட்டிலில் மிச்சம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிவதால் சாயங்காலம் சண்டை இல்லை. வீட்டு டம்ளரை நம்ப வேண்டாம். நாங்கள் ‘ஒரு டம்ளர்’ என்று சொல்லிக்கொண்டிருந்த எவர்சில்வர் டம்ளரை அளந்து பார்த்தேன், விளிம்பு வரை 240 மில்லி. இப்போது பிள்ளைகளுக்கு மருந்து ஊற்றுகிற அளவுக் குப்பியும், 100 மில்லி பிடிக்கிற சின்ன டம்ளரும்தான்.

வாய் வறட்சிக்குச் சின்னச் சின்ன உபாயங்கள் இருக்கின்றன. ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் அதே அளவுத் தண்ணீரை விட நெடுநேரம் நிற்கும். ஆனால் அதுவும் கணக்கில்தான், கரையவைத்து அளந்துவிட்டால் தெரியும். எங்கள் ட்ரேயில் ஒரு கட்டிக்கு 20 மில்லி. கிராம்பு, ஏலக்காய் ஒன்றை அடக்கிக்கொள்ளலாம். வாயைக் கொப்பளித்துத் துப்பலாம், துப்புகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது என் வேலை. மாத்திரைகளை ஒவ்வொன்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் என்று விழுங்காமல், சாப்பாட்டு வேளையில் போட வேண்டியதைச் சோற்றுக் கவளத்தோடு போட்டுவிடுவார். சாப்பாட்டில் இருக்கிற பாஸ்பரஸ் ரத்தத்தில் ஏறாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை எப்படியும் சாப்பாட்டோடு போடுவதுதான்.

வெயிலுக்கு என்ன வழி? வெயிலில் போகாமல் இருப்பது. பதினோரு மணி முதல் நான்கு மணி வரை அவர் வாசல்படி தாண்டுவதில்லை. ஈரத் துண்டைப் பிழிந்து கழுத்தில் போட்டுக்கொள்வார், தரையில் நீர் தெளித்துவிடுவேன். டயாலிசிஸ்காரர்களுக்கு வெயில் அடிக்காது என்று இல்லை, அவர்களுக்கும் மயக்கம் வரும். நிறைய வியர்த்த நாளில் எடை எதிர்பார்த்ததை விடக் குறைவாக இருந்தால், கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டு வைத்திருக்கிறோம். அதனால் வீட்டில் தினம் காலையில் ஒரே தராசில், ஒரே மாதிரி லுங்கியில், வெறும் வயிற்றில் எடை பார்ப்பது அவசியம். தராசு விலை அதிகமில்லை.

எடை என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டயாலிசிஸ் மையத்தில் காலை முதல் ஷிப்டுக்கு வரிசையாக நின்று தராசில் ஏறுவார்கள். டெக்னீஷியன் தம்பி எண்ணை உரக்கப் படிப்பார். “என்னண்ணே, நாலரை கிலோ ஏத்திட்டு வந்திருக்கீங்க? கிணத்தையே குடிச்சீங்களா?” என்று எல்லார் முன்னிலையிலும். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்த அண்ணன் தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர், முப்பத்தைந்து வயசு இருக்கும். பஞ்சுத் தூசியும் அனலும். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து புரோட்டா, சால்னா. சால்னாவில் எவ்வளவு உப்பு என்று ஒருவரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை, தண்ணீர் குடித்ததற்கு மட்டும் திட்டு. அடுத்த தடவை அவர் என்ன செய்வார்? தராசில் ஏறும்போது பக்கத்துச் சுவரை லேசாகப் பிடித்துக்கொள்வார். எண் குறைந்து தெரியும், மிஷினில் குறைத்து வைப்பார்கள், நீர் உள்ளேயே தங்கும். இதை நான் கண்ணால் பார்த்தேன். எந்த மையம் என்று சொல்ல விரும்பவில்லை. அந்தத் தம்பியும் கெட்டவர் இல்லை, பத்து மிஷினை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவர். திட்டுவதற்குப் பதில் ‘நேற்று என்ன சாப்பிட்டீங்க’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தால் எத்தனையோ ஏழைகளுக்கு மிஷின் செலவு தீர்ந்திருக்கிறது. அந்த மிஷினுக்குப் பக்கத்தில், மாசத்துக்கு ஒரு தடவையாவது, நம் ஊர்ச் சாப்பாடு தெரிந்த ஓர் உணவு ஆலோசகர் வந்து உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ‘ஓட்ஸ் சாப்பிடுங்கள்’ என்று சொல்கிறவர் வேண்டாம்.

ட்ரை வெயிட் என்பதும் ஒரு தடவை குறித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். காய்ச்சலில் படுத்து, சாப்பாடு இறங்காமல் சதை கரைந்திருக்கும். தராசு பழைய 60-ஐயே காட்டும். அப்படியென்றால் கரைந்த சதையின் இடத்தில் நீர் நிற்கிறது என்று அர்த்தம். பசி எடுத்து நன்றாகச் சாப்பிட்டுத் தேறினால் அதற்கு நேர் எதிர், அந்த 60-க்கே கொண்டுவர வேண்டும் என்று இழுத்தால் பிரஷர் விழும். கால் வீக்கம், பிரஷர், படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்பதையெல்லாம் பார்த்து டாக்டர் அவ்வப்போது மாற்றுவார். கேட்கத் தயங்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமையை நான் பயத்தோடுதான் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை மிஷினில் ஏறினால் அடுத்தது திங்கள்கிழமைதான். வாரத்திலேயே நீளமான இடைவெளி அது. அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளை வைத்துச் செய்து 2011-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இந்த இரண்டு நாள் இடைவெளிக்கு மறுநாள்தான் மரணமும் இதயக் கோளாறுகளும் கூடுதலாக இருந்தன என்று கண்டார்கள். நம் ஊரில் அந்த இடைவெளிக்குள்தான் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஆட்டுக்கறி, நல்லி எலும்பு சூப், மத்தியானம் விருந்தாளிகள், சாயங்காலம் பேரப்பிள்ளைகளோடு ஐஸ்கிரீம். உங்கள் உடல்நலப் பக்கமும் அதே ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது! எங்கள் வீட்டில் கறி உண்டு. அவருக்குப் புரதம் தேவை, டயாலிசிஸில் புரதமும் கொஞ்சம் போய்விடுகிறது. ஆனால் சுக்காவாக வறட்டி, உப்பில்லாமல். சூப்பு கிடையாது. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டாலே தாகம் எடுக்கிறது என்பார். “ஏங்க, நாளைக்குக் காலையில தராசுல ஏறணும்” என்பேன். முறைத்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார்.

நான் சொன்னது எல்லாச் சிறுநீரக நோயாளிகளுக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சிறுநீரகத்தில் கல் இருக்கிறவர்களுக்கு டாக்டர்கள் நிறையக் குடிக்கத்தான் சொல்வார்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி அது நன்றாக வேலை செய்கிறவர்களுக்கும் அப்படித்தான். வீட்டிலேயே வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் தினமும் நீர் வெளியே போவதால் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்வாக இருக்கும். சிறுநீரகம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் ஒருவர் தண்ணீரை நிறுத்திவிட்டால் அதுவும் ஆபத்துதான். அதனால்தான் நீங்கள் போடுகிற வரி தெளிவாக இருக்க வேண்டும். நான் எழுதிப் பார்த்தேன், உங்கள் உதவி ஆசிரியர்கள் இதை இன்னும் நன்றாக எழுதுவார்கள்:

‘டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும், நீர் அளவைக் குறைக்கும்படி டாக்டர் சொல்லியிருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரையில் சொன்ன அளவுகள் பொருந்தாது. இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல், பழச்சாறு ஆகியவற்றை டாக்டரைக் கேட்காமல் அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.’

கட்டுரையின் அடியில் ஒரு கட்டம் கட்டிப் போட்டால் போதும். தண்ணீர்ப் பந்தல் வைக்கிற மன்றத்துக்காரர்களும் கட்சிக்காரர்களும் இதையே ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடலாம், தலைவர் படத்துக்குக் கீழே இடம் இருக்கும். அக்னி நட்சத்திரம் மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கிவிடும், அதற்கு முந்தின ஞாயிறு வந்தால் நல்லது. கட்டம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், சர்க்கரை நோயில் சிறுநீரகம் போனவர்களில் பல பேருக்குக் கண்ணும் மங்கியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
அருப்புக்கோட்டை